பீப் சைட்டுக்கு மாறும் மகள்: எதை வாங்குவது, எப்படிப் பொருத்துவது?

கோவை_அப்பா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிப் போட்டியில் ஓப்பன் சைட் (பள்ளமும் குச்சியும் வைத்துக் குறி பார்ப்பது) ஏர் ரைபிள் பிரிவில் சுட்டுக்கொண்டிருந்தவளை, இனி பீப் சைட்டுக்கு (சின்னத் துளை வழியே குறி பார்ப்பது) மாறு என்று கோச் சொல்லிவிட்டார். கிளப்பில் கொடுத்திருக்கும் துப்பாக்கி பரவாயில்லை. ஆனால் அதில் இருக்கும் ரியர் சைட், அதாவது கண்ணுக்குப் பக்கத்தில் வரும் பின் சைட், பல கை மாறி வந்தது. திருகினால் ஒரு சமயம் கிளிக் கேட்கிறது, ஒரு சமயம் கேட்பதில்லை. சொந்தமாக ஒன்று வாங்கிவிடலாம் என்று நினைக்கிறேன். தெரிந்தவர் ஒருவர் பழைய ஜெர்மன் ரியர் சைட் ஒன்றை விற்கிறார். புதிதாக வாங்குவதென்றால் விலை தலையைச் சுற்றுகிறது.

துப்பாக்கியில் எனக்கு இருக்கும் ஞானம் மெரினாவில் பலூன் சுட்டதோடு சரி. அதனால் கேள்விகள் சில்லறையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பழையதை வாங்கினால் எதைப் பார்த்து வாங்குவது? முன் சைட்டுக்குள் போடும் வளையம், அந்த ரிங், எந்த அளவு? சின்ன ரிங்தான் துல்லியம் என்று கிளப்பில் ஒரு பையன் சொல்கிறான். அவள் கண்ணாடி போடுகிறாள், பவர் மைனஸ் 1.5. அதனால் ஏதாவது சிக்கல் வருமா? கடைசியாக, என் மச்சான் ஒரு ஸ்கோப்பை மாட்டி வீட்டிலேயே பழகட்டும் என்கிறார். அது சரியா?

பத்துமீட்டர் எழுதியது:

சார், முதலில் பர்ஸை உள்ளே வையுங்கள். ரியர் சைட்டை மாற்றி ஏறுகிற பாயின்ட்டைவிட சீக் பீஸை (கன்னம் வைக்கும் பகுதி) சரியாக வைத்து ஏறுகிற பாயின்ட் அதிகம். நான் பார்க்கிற பிள்ளைகளில் பாதிப் பேர் சைட்டுக்குத் தகுந்தபடி கழுத்தை வளைத்துக்கொண்டு நிற்கிறார்கள். சைட்தான் கண்ணைத் தேடி வர வேண்டும். கண் சைட்டைத் தேடிப் போகக் கூடாது.

இப்படிச் செய்து பாருங்கள். காலி துப்பாக்கி. வழக்கம்போல நின்று, கண்ணை மூடிக்கொண்டு, கன்னத்தை அதன் பாட்டுக்கு சீக் பீஸில் இறக்கச் சொல்லுங்கள். தலையை எங்கும் நீட்டக் கூடாது. கண்ணைத் திறந்ததும் ஐரிஸ் துளை (ரியர் சைட்டில் இருக்கும், அளவு மாற்றக்கூடிய சின்னத் துளை) நேர் எதிரே இருக்க வேண்டும். எட்டிப் பார்த்தால்தான் தெரிகிறது என்றால் சீக் பீஸ் தாழ்வாக இருக்கிறது. கன்னத்தை அழுத்தினால்தான் தெரிகிறது என்றால் அது உயரம். கழுத்து நீளமான பிள்ளையாக இருந்தால் சீக் பீஸை மட்டும் ஏற்றிப் பயனில்லை; இரண்டு சைட்டுக்கும் அடியில் ஒரே உயரத்தில் ரைசர் வைத்து மேலே தூக்க வேண்டும்.

அடுத்தது தூரம். ரியர் சைட் துப்பாக்கியின் மேல் இருக்கும் தண்டவாளத்தில் முன்னும் பின்னும் நகரும். கண்ணுக்கும் ஐரிஸுக்கும் நடுவே மூன்று, நான்கு விரல் இடைவெளி இருக்கட்டும். இப்போது துளை வழியே பார்த்தால் முன்னால் இருக்கும் டன்னல் (ரிங் உட்காரும் முன் சைட் குழாய்) முழு வட்டமாகத் தெரியும். அந்த வட்டத்தைச் சுற்றி மெல்லியதாக ஒரு வெளிச்ச வளையம் ஓடும். அது எல்லாப் பக்கமும் ஒரே தடிமனாக இருந்தால் தலை சரியான இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். இடப்பக்கம் தடித்து வலப்பக்கம் காணாமல் போனால் தலை நகர்ந்திருக்கிறது. மூன்று வட்டம் ஒன்றுக்குள் ஒன்று: வெளிச்ச வளையம், ரிங், அதற்குள் டார்கெட்டின் நடுவில் இருக்கும் கருப்பு. முதல் மாதம் இதை மட்டும் பார்த்தால் போதும்.

ஐரிஸ் திறப்பை 1.1 அல்லது 1.2 மி.மீ. அளவில் வைத்துத் தொடங்குங்கள். துளை சிறிதானால் ரிங்கும் கருப்பும் சேர்ந்து கூர்மையாகத் தெரியும். ஆனால் 1 மி.மீ.க்குக் கீழே போனால் படம் இருண்டு, விளிம்பு திரும்பவும் மங்கத் தொடங்கும். நம் ஊர் ரேஞ்சுகளில் பாதி டியூப்லைட் எரியாது, இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓப்பன் சைட்டில் பழகிய பிள்ளைக்கு ஒரு தொல்லை வரும். அங்கே பின்னால் பள்ளம், முன்னால் குச்சி, தூரத்தில் கருப்பு என்று மூன்று தூரத்தைக் கண் சமாளிக்கிறது. குச்சியின் தலைக்கும் கருப்பின் அடிக்கும் நடுவே கொஞ்சம் வெள்ளை விட்டுச் சுடுவார்கள். பீப்பில் அந்த வேலை கிடையாது. ஐரிஸைப் பார்க்கவே வேண்டாம், அதன் வழியாகப் பார்த்தால் போதும். வட்டத்துக்குள் வட்டத்தை நிறுத்துவதைக் கண் தானே செய்துவிடும். பழைய பழக்கத்தில் கருப்பை ரிங்கின் மேல் விளிம்பில் உட்கார வைக்கிறாளா என்று கவனியுங்கள்.

கோவை_அப்பா எழுதியது:

மிக்க நன்றி சார். சீக் பீஸை இதுவரை யாருமே தொட்டதில்லை. அது எந்த உயரத்தில் வந்ததோ அதே உயரத்தில்தான் இருக்கிறது. இன்று மாலை பார்க்கிறேன். பழைய சைட் விஷயம்?

பத்துமீட்டர் எழுதியது:

பழைய ஜெர்மன் சைட் என்றால் பயப்படாதீர்கள். ஒழுங்காக வைத்திருந்தால் அது அவள் கல்லூரி முடிக்கும்வரை உழைக்கும். தரையில் விழுந்திருந்தால்தான் தொல்லை. வெளியில் இருக்கும் கீறலைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

மேல்கீழ், இடவலம் என்று இருக்கும் இரண்டு திருகையும் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெதுவாகத் திருப்புங்கள். எல்லாக் கிளிக்கும் ஒரே மாதிரி விரலில் தட்ட வேண்டும். நடுவில் வழவழவென்று ஓடினால் உள்ளே தேய்ந்திருக்கிறது. பிறகு ஐரிஸ் இருக்கும் பகுதியை இரண்டு விரலால் பிடித்து மெல்ல ஆட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஆட்டமும் கணக்கில் வரும். முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவே 75 செ.மீ. என்று வையுங்கள். ஐரிஸ் 0.1 மி.மீ. நகர்ந்தால் பத்து மீட்டரில் பெல்லட் (ஏர் ரைபிள் குண்டு) 1.3 மி.மீ. நகரும். டார்கெட்டில் ஒரு பாயின்ட் வளையத்திலிருந்து அடுத்த வளையத்துக்கு 2.5 மி.மீ. ஆக, அரை பாயின்ட் போச்சு. பத்து பாயின்ட் தரும் நடுப்புள்ளியே 0.5 மி.மீ.தான்.

கடைசிச் சோதனை துப்பாக்கியில் மாட்டி. மேஜையில் மணல் பை போட்டு, கோச்சே சுடட்டும். ஒரு க்ரூப் (ஒரே குறியில் சில பெல்லட்) சுட்டுவிட்டு வலப்பக்கம் 20 கிளிக். மறுபடி ஒரு க்ரூப். மேலே 20, இடப்பக்கம் 20, கீழே 20. கடைசி க்ரூப் முதல் க்ரூப்பின் மேலேயே விழுந்து, நடுவில் உள்ளவை சதுரமாக நின்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். விற்பவர் இதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

குறிக்காரன் எழுதியது:

ரிங் பற்றி யாரும் சொல்லவில்லையே. நான் எப்போதும் 3.2 மி.மீ. தான். கருப்பைக் கவ்விப் பிடிக்கிற மாதிரி இருக்க வேண்டும். பெரிய ரிங்கில் கருப்பு உள்ளே மிதக்கும். மிதக்கிற வட்டத்தின் நடுவை எப்படிக் கண்டுபிடிப்பது? சின்ன ரிங் போடுங்கள், பாயின்ட் ஏறும். அனுபவத்தில் சொல்கிறேன்.

பத்துமீட்டர் எழுதியது:

தம்பி குறிக்காரன், உங்கள் ஸ்கோரை நான் மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் பல வருஷமாகச் சுடுபவர், அந்தப் பெண் இப்போதுதான் தொடங்குகிறாள். கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

பத்து மீட்டர் ஏர் ரைபிள் டார்கெட்டில் கருப்பு 30.5 மி.மீ. அது கண்ணிலிருந்து ஏறக்குறைய 10 மீட்டரில் இருக்கிறது. முன் சைட் கண்ணிலிருந்து சுமார் 90 செ.மீ. அந்த இடத்தில் கருப்பின் தோற்ற அளவு ஏறக்குறைய 2.7 மி.மீ. 3.2 ரிங் போட்டால் இரண்டு பக்கமும் வெறும் கால் மி.மீ. வெள்ளைதான் மிச்சம். துப்பாக்கி கொஞ்சம் ஆடினாலும் கருப்பு ரிங்கைத் தொடும். தொட்டதும் மனசு பதறும். பதறினால் விரல் நிற்கும். நின்றால் மூச்சு முட்டும், ஆட்டம் இன்னும் கூடும், கடைசியில் கண நேரத்தில் நடுவுக்கு வந்த கருப்பைப் பார்த்து டிரிகரைப் பிடுங்குவாள். அது எட்டுக்குப் போகும்.

4.0 போட்டால் ஒவ்வொரு பக்கமும் 0.65 மி.மீ. வெள்ளை. ஆட்டம் அதே ஆட்டம்தான், ஆனால் அவளுக்கு அது பெரிதாகத் தெரியாது. மிதக்கிற வட்டத்தின் நடுவைக் கண்டுபிடிப்பது எப்படி என்று கேட்டீர்கள். வட்டத்துக்கு வெளியே சமமான வெள்ளையைக் கண் பிரித்துப் பார்ப்பதில் கெட்டி. வெள்ளை மிகவும் ஒடுங்கினால்தான் அது தடுமாறும்.

நான் புதுப் பிள்ளைகளுக்கு 4.0 முதல் 4.2 வரை போடுகிறேன். நின்ற நிலையில் பிடி நிதானப்பட்ட பிறகு 3.8க்கு இறங்கலாம். அதற்கும் கீழே இறங்க எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. உறுதியாக நிற்கும் பெரிய ஆட்டக்காரர்களே தாராளமான ரிங்கில் சுடுகிறார்கள்.

வாங்கும்போது டன்னலின் உள் விட்டத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள் சார். 18 மி.மீ. என்றும் 22 மி.மீ. என்றும் இரண்டு அளவு புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்றுக்கான ரிங் மற்றதில் உட்காராது.

குறிக்காரன் எழுதியது:

கணக்கு சரிதான் அண்ணா. நான் கேட்டது இவ்வளவு விளக்கமாக யாரும் சொல்லாததால்தான். ஆனாலும் என் 3.2ஐ விட மாட்டேன் :)

பத்துமீட்டர் எழுதியது:

விட வேண்டாம். உங்கள் கையில் அது ஓடுகிறது.

கண்_மருத்துவ_உதவியாளர் எழுதியது:

கண்ணாடிக் கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். துப்பாக்கி எனக்குப் புதிது. ஆனால் ரைபிள் சுடும் பிள்ளைகள் சிலர் எங்கள் கிளினிக்குக்கு வருகிறார்கள்.

மைனஸ் 1.5 என்றால் கண்ணாடி இல்லாமல் அவளுக்குத் தெளிவாகத் தெரியும் எல்லை கண்ணிலிருந்து 67 செ.மீ. ரிங் அதற்குக் கொஞ்சம் அப்பால்தான் இருக்கிறது. அதனால் பல பிள்ளைகள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு "அப்பா, ரிங் நன்றாகத் தெரிகிறது" என்பார்கள். உண்மைதான், ரிங் தெரியும். தூரத்துக் கருப்பு சாம்பல் நிறப் பொட்டாகிவிடும். ஐரிஸின் சின்னத் துளை இந்த மங்கலை ஓரளவு மறைத்துவிடுவதால் யாரும் கவனிப்பதும் இல்லை. கண்ணாடியோடு சுடட்டும்.

அடுத்தது பலர் யோசிக்காத விஷயம். நின்று குறி பார்க்கும்போது தலை கொஞ்சம் முன்னால் சாய்ந்து, பக்கவாட்டில் திரும்பியிருக்கும். சாதாரணக் கண்ணாடியின் நடுப்பகுதி வழியாகக் கண் பார்ப்பதில்லை, மூக்குப் பக்கத்து மேல் மூலை வழியாகப் பார்க்கும். அங்கே அதே பவர் கிடைக்காது, உருவம் இழுபடும். இதற்காகத்தான் ஒற்றை லென்ஸை எந்தக் கோணத்திலும் திருப்பி வைக்கிற ஷூட்டிங் ஃப்ரேம்கள் இருக்கின்றன. உடனே வாங்க முடியாவிட்டால், அகலமான பெரிய லென்ஸ் உள்ள சாதாரண ஃப்ரேமாகப் பாருங்கள். இப்போது ஃபேஷனில் இருக்கிற ஒடுங்கிய ஃப்ரேம் வேண்டவே வேண்டாம்.

பவர் எவ்வளவு வேண்டும் என்று கேட்பார்கள். பதினான்கு வயதில் கண்ணுக்கு வளைந்துகொடுக்கும் சக்தி நிறைய இருக்கிறது. தூரப் பார்வைக்கான சரியான பவர் போதும், கூடுதலாக எதுவும் வேண்டாம். நாற்பதைத் தாண்டிய அப்பாக்கள் சுடுவதாக இருந்தால் தூரப் பவரோடு பிளஸ் 0.5 சேர்த்தால் ரிங்கும் கருப்பும் ஓரளவு சமமாகத் தெரியும். எதுவானாலும் ரிங் இருக்கும் தூரத்தை டேப் வைத்து அளந்துகொண்டு கண் மருத்துவரிடம் போங்கள். வெறுமனே "துப்பாக்கி சுடுகிறேன்" என்றால் அவருக்கு எதுவும் புரியாது.

இன்னொன்று. எந்தக் கண் ஓங்கியது என்று பார்த்தீர்களா? இரண்டு கையையும் நீட்டி, கட்டைவிரல்களுக்கு நடுவே சிறிய ஓட்டை விட்டு, சுவரில் இருக்கும் ஸ்விட்சைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு கையை மெல்ல முகத்துக்கு இழுக்கட்டும். ஓட்டை தானாக எந்தக் கண்ணுக்கு வருகிறதோ அதுதான்.

கோவை_அப்பா எழுதியது:

மேடம், இப்போதே செய்து பார்த்தோம். இடது கண்ணுக்கு வருகிறது! அவள் வலக்கைக்காரி, வலது தோளில் வைத்துத்தான் சுடுகிறாள். இதற்காகத்தான் இடது கண்ணை இறுக மூடிக்கொள்கிறாளா?

கண்_மருத்துவ_உதவியாளர் எழுதியது:

இருக்கலாம். கண்ணை இறுக மூடினால் திறந்திருக்கும் கண்ணின் தசையும் சேர்ந்து இறுகும், சீக்கிரம் களைக்கும். இரண்டு கண்ணும் திறந்திருக்கட்டும். இடது கண்ணுக்கு முன்னால் வெள்ளையாக, பால் நிறத்தில் ஒளி ஊடுருவும் மறைப்பு வையுங்கள். கறுப்பு மட்டை வேண்டாம். ஒரு கண் இருட்டில் இருந்தால் மற்றக் கண்ணின் பாவையும் விரியும். தோளை மாற்றுவதா என்பதை கோச்சிடம் விட்டுவிடுகிறேன்.

பத்துமீட்டர் எழுதியது:

மேடம் சொன்னதுதான். அந்த மறைப்பை நாங்கள் பிளைண்டர் என்போம். ரியர் சைட்டிலேயே மாட்டலாம். விதிப்படி உயரம் 30 மி.மீ.க்குள்ளும், ஐரிஸின் நடுவிலிருந்து மறு கண் பக்கமாக நீளம் 100 மி.மீ.க்குள்ளும் இருக்க வேண்டும். ஐஸ்கிரீம் டப்பா மூடியை வெட்டி ஒட்டினாலே போதும். காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள் அல்ல.

தோளை மாற்றுவதா என்பது பெரிய முடிவு. புதிதாகத் தொடங்குபவள்தான், சில வாரம் இடது தோளில் முயன்று பார்க்கலாம். துப்பாக்கியின் பிடி இரு கைக்கும் பொருந்துகிற வகையா என்று பாருங்கள். வலக்கைக்கு மட்டும் செதுக்கிய பிடி என்றால் பிளைண்டரோடு வலது தோளிலேயே தொடரட்டும். அப்படிச் சுட்டு மேலே போனவர்கள் நிறையப் பேர்.

மலைக்காற்று எழுதியது:

ஸ்கோப் என்று காதில் விழுந்ததும் வந்துவிட்டேன். நான் போட்டிக்காரன் இல்லை. ஏற்காட்டில் வீட்டுப் பின்னால் மண் சுவருக்கு முன் தகர டப்பா வைத்து ஸ்பிரிங் ஏர் ரைபிளில் சுடுவதோடு சரி.

மச்சான் சொல்கிற யோசனை பீப் சைட் பழகும் பெண்ணுக்கு உதவாது. பத்து மீட்டர் போட்டியில் துப்பாக்கியின் சைட்டில் எந்த லென்ஸும் கூடாது. கண்ணில் கண்ணாடி போடலாம், சைட்டில் ஃபில்டர் வைக்கலாம், அவ்வளவுதான். ஸ்கோப்பில் பழகினால் ரிங் பார்க்கிற பழக்கமே வராது. தவிர, பெரிதாக்கிக் காட்டும்போது ஆட்டமும் பெரிதாகத் தெரிந்து பிள்ளை மிரண்டுவிடும்.

ஆனால் மச்சான் தனக்காகக் கேட்கிறார் என்று எனக்குச் சந்தேகம் :) அவருக்காகச் சொல்கிறேன்.

ஸ்பிரிங் துப்பாக்கிக்கு எந்த ஸ்கோப்பும் சரிவரும் என்று நினைத்து, பெரிய துப்பாக்கிக்கான விலை உயர்ந்த ஸ்கோப்பை மாட்டுவார்கள். கொஞ்ச நாளில் உள்ளே குறுக்குக் கோடு கழன்று தொங்கும். பெரிய துப்பாக்கி பின்னால் மட்டும் உதைக்கும். ஸ்பிரிங் துப்பாக்கியில் பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் வரும். பிஸ்டன் போய் முட்டியதும் உடனே முன்னால் குலுங்கும். இந்த இரண்டாவது குலுக்கலைத் தாங்கும்படி எல்லா ஸ்கோப்பும் கட்டப்படுவதில்லை. "ஏர் கன்னுக்கு ஏற்றது" என்று தயாரிப்பாளரே சொல்லியிருப்பதை மட்டும் வாங்கச் சொல்லுங்கள். ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் மவுண்ட்டும் தண்டவாளத்தில் பின்னால் ஊர்ந்துகொண்டே போகும். அடியில் ஸ்டாப் பின் உள்ள மவுண்ட்டாகப் பார்த்து, தண்டவாளத்தில் இருக்கும் குழியில் பின்னை இறக்கிவிட வேண்டும்.

அடுத்து பேரலாக்ஸ். சாதாரண ஸ்கோப்புகளை 100 கஜம் மாதிரியான தூரத்துக்குச் சரிசெய்து அனுப்புகிறார்கள். பத்து, பதினைந்து மீட்டரில் பார்த்தால் டப்பா மங்கும். அதைவிட மோசம், தலையைக் கொஞ்சம் அசைத்தால் குறுக்குக் கோடு டப்பாவின் மேல் ஊரும். துப்பாக்கியை மணல் பையில் அசையாமல் வைத்து, தொடாமல், தலையை மட்டும் இடவலமாக ஆட்டிப் பாருங்கள். கோடு நகர்ந்தால் அந்த தூரத்தில் அந்த ஸ்கோப்பை நம்ப முடியாது. முன் லென்ஸையோ பக்கத்துத் திருகையோ சுழற்றி 10 மீட்டர்வரை இறக்க முடிகிற ஸ்கோப் வேண்டும். உருப்பெருக்கம் 4 போதும். 3 முதல் 9 வரை மாற்றுகிற வகை வாங்கினாலும் 5க்கு மேல் கை போகாது.

மாட்டும்போது கண்ணுக்கும் பின் லென்ஸுக்கும் 8 அல்லது 9 செ.மீ. இடைவெளியில், முழு வட்டமும் கறுப்பு நிழல் இல்லாமல் தெரிகிற இடத்தில் நிறுத்துங்கள். பெரிய உருப்பெருக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் சரியான இடம் தெரியும். செங்குத்துக் கோட்டை நேராக்க, எதிர்ச் சுவரில் கொத்தனாரின் தூக்குக் குண்டைத் தொங்கவிட்டு, நூலோடு பொருந்தும்வரை ஸ்கோப்பைத் திருப்புங்கள். வளையத் திருகுகளை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். வெறி வந்த மாதிரி இறுக்கினால் குழாய் நசுங்கும்.

கிளிக் கணக்கில்தான் பலர் குழம்புகிறார்கள். டரெட்டில் (ஸ்கோப்பின் திருகில்) கால் எம்ஓஏ என்று எழுதியிருக்கும்; எம்ஓஏ என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. 100 மீட்டரில் ஒரு கிளிக் 7 மி.மீ. சொச்சம். 25 மீட்டரில் அதுவே 1.8 மி.மீ., 10 மீட்டரில் 0.7 மி.மீ. ஆக, 25 மீட்டரில் ஒரு செ.மீ. தள்ள ஐந்தாறு கிளிக் திருப்ப வேண்டும். "திருப்பினேன், நகரவே இல்லை" என்பவர்கள் இரண்டு கிளிக் திருப்பிவிட்டுப் பார்க்கிறவர்கள்.

தோட்டக்காரன்77 எழுதியது:

ஸ்கோப் பற்றி நல்ல விளக்கம் அண்ணே. எங்கள் சோளக் காட்டில் மயில் தொல்லை தாங்கவில்லை. அதற்கு எந்த ஸ்கோப் சரிவரும்?

நெறியாளர் எழுதியது:

எந்த ஸ்கோப்பும் சரிவராது. 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது. பயிர்ச் சேதத்துக்கு வனத்துறையில் மனு கொடுங்கள். 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்குள் விசையும் உள்ள ஏர் ரைபிளுக்கு உரிமம் வேண்டாம் என்பதால் அதை எதன்மீதும் சுடலாம் என்று அர்த்தம் இல்லை. இந்த இழையில் காகித டார்கெட், தகர டப்பா இவற்றோடு நிறுத்திக்கொள்வோம்.

பெர்ன்_தமிழன் எழுதியது:

சுவிட்சர்லாந்திலிருந்து ஒரு சிறு குறிப்பு. இங்கே 300 மீட்டர் சுடுவது ஊர்த் திருவிழா மாதிரி. வருஷாவருஷம் நடக்கும் ஃபெல்ட்ஷீசன் போட்டியில் ஊர் மக்கள் போய் 18 குண்டு சுடுவார்கள், முழு மதிப்பெண் 72. ராணுவத் துப்பாக்கியான ஸ்டுர்ம்கெவேர் 90இல் பின் சைட் ஒரு உருளை. அதைச் சுழற்றினால் 100 முதல் 400 மீட்டர்வரை தூரம் மாறும். அதுவும் துளை வழியே பார்ப்பதுதான், ஸ்கோப் இல்லை. எங்கள் தமிழ்ப் பிள்ளைகளும் சிலர் வருகிறார்கள்.

எனக்கு அங்கே புரிந்த விஷயம் வெளிச்சம். மேகம் விலகி டார்கெட் மேல் வெயில் அடித்ததும் வெள்ளை பொங்கிக் கருப்பு சிறுத்துத் தெரியும். அதே பிடி, அதே துப்பாக்கி, குண்டு வேறு இடத்தில் விழும். உள்ளரங்கிலும் கிளப்புக்குக் கிளப் விளக்கு மாறுமே, அங்கே என்ன செய்வீர்கள்?

பத்துமீட்டர் எழுதியது:

நல்ல கேள்வி. புது ரேஞ்சுக்குப் போனால் முதலில் ஐரிஸ் திறப்பைத் தொடுவோம், கிளிக்கை அல்ல. டார்கெட் கண்ணைக் கூசினால் கொஞ்சம் ஒடுக்கலாம், அல்லது சாம்பல், மஞ்சள் ஃபில்டர் வைக்கலாம். மங்கலாக இருந்தால் கொஞ்சம் திறக்கலாம். கருப்பு பழகிய மாதிரித் தெரிந்த பிறகுதான் ஜீரோ பார்ப்பது, அதாவது பெல்லட் நடுவில் விழும்படி கிளிக்கைச் சரிசெய்வது. போட்டிக்கு முன்னால் தயாராகவும் சோதனையாகச் சுடவும் 15 நிமிஷம் தருகிறார்களே, அது இதற்குத்தான்.

துப்பாக்கி பக்கவாட்டில் சாய்வதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெல்லட் வினாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் போகிறது என்றால் 10 மீட்டர் போய்ச் சேருவதற்குள் சுமார் 17 மி.மீ. கீழே விழுகிறது. அதை ஈடுகட்டக் குழல் கொஞ்சம் மேல்நோக்கியே இருக்கும். துப்பாக்கியை வலப்பக்கம் 5 டிகிரி சாய்த்தால் அந்த மேல்நோக்கில் ஒரு பங்கு வலப்பக்கம் திரும்பி, பெல்லட் 1.5 மி.மீ. வலத்தே விழும். சைட் படத்தில் எதுவுமே தெரியாது, வட்டத்துக்குள் வட்டம் அழகாக நிற்கும். சாய்வு இருக்கலாம், தப்பில்லை. ஒவ்வொரு முறையும் அதே சாய்வாக இருக்க வேண்டும். இருபுறமும் சின்னக் குறுக்குக் கம்பி உள்ள ரிங் போட்டால் டார்கெட் சட்டத்தின் விளிம்போடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கோவை_அப்பா எழுதியது:

அப்டேட். சதுரச் சோதனை செய்தோம், பழைய சைட் சுத்தமாகத் தேறிவிட்டது. வாங்கிவிட்டேன். சீக் பீஸை ஏற்றியதும் "அப்பா, கழுத்து வலிக்கவே இல்லை" என்றாள். 4.0 ரிங் போட்டிருக்கிறோம். ஐஸ்கிரீம் மூடியும் வெட்டியாயிற்று.

ஒரே குழப்பம். பெல்லட் வலப்பக்கம் விழுந்தது. இடப்பக்கம் தள்ள வேண்டும் என்று திருகில் இருக்கும் ஆர் (வலம்) எழுத்துக்கு எதிர்த்திசையில் திருப்பினால் இன்னும் வலப்பக்கம் போகிறது. சைட் கோளாறா?

பத்துமீட்டர் எழுதியது:

கோளாறு இல்லை. பல ஜெர்மன் சைட்டுகளில் எழுத்து பெல்லட் எங்கே விழுந்தது என்பதைக் குறிக்கும், எங்கே போக வேண்டும் என்பதை அல்ல. வலப்பக்கம் விழுந்தால் ஆர் பக்கம், மேலே விழுந்தால் எச் (ஜெர்மனில் மேல்) பக்கம் திருப்பினால் நடுவுக்கு வரும். வேறு சில சைட்டுகளில் நேர்மாறு. அதனால் எந்தச் சைட்டாக இருந்தாலும் பத்து கிளிக் ஒரு பக்கம் திருப்பி, சுட்டுப் பார்த்து, ஒரு வெள்ளை ஸ்டிக்கரில் தமிழில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

ஒரு பெல்லட்டைப் பார்த்துக் கிளிக் திருப்ப விடாதீர்கள். ஐந்து சுட்டு, அந்த ஐந்தின் நடுவைப் பார்த்துத் திருப்பட்டும். திசை மாற்றும்போது இரண்டு கிளிக் தாண்டிப் போய்த் திரும்பி வந்தால் திருகில் உள்ள தளர்வு தொந்தரவு செய்யாது. ஜீரோ ஆனதும் இரண்டு திருகிலும் எந்தக் கோடு எங்கே நிற்கிறது என்று செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

குறிக்காரன் எழுதியது:

படம் எடுத்து வைப்பது ரொம்ப முக்கியம் சார். 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றாரே, இறுதிச் சுற்றுக்கு முந்தைய சோதனைச் சுடுதலில் அவர் பெல்லட் பத்துக்குப் பக்கத்திலேயே இல்லை, சைட் நகர்ந்திருந்தது என்று அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். கிடைத்த கொஞ்ச நேரத்தில் கிளிக்கைச் சரிசெய்துகொண்டு போய்ச் சுட்டார். அவருக்கே அப்படி என்றால் நம் துப்பாக்கிப் பெட்டி பஸ்ஸில் வரும்போது என்ன ஆகாது?

கோவை_அப்பா எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் உள்போட்டி இருக்கிறது. அதற்குள் 3.8 ரிங்கையும் ஒருமுறை போட்டுப் பார்க்கட்டுமா? தோளையும் மாற்றிப் பார்க்க ஆசைப்படுகிறாள்.

பத்துமீட்டர் எழுதியது:

ஞாயிறு முடியும்வரை எதையும் தொடாதீர்கள் சார். 4.0, வலது தோள், இப்போது இருக்கிற சீக் பீஸ். கிளிக் மட்டும் அவள் கையில். பெட்டியில் வைக்கும்போது ரியர் சைட்டைக் கழற்றாமல் அப்படியே வையுங்கள். பெட்டி மூடாவிட்டால் கழற்றலாம், ஆனால் தண்டவாளத்தில் அது உட்கார்ந்திருந்த இடத்தைப் பென்சிலால் கோடு போட்டுவிட்டுக் கழற்றுங்கள். தோள் மாற்றத்தைத் திங்கட்கிழமை பேசிக்கொள்வோம்.